இணைச்சட்டம் 28-ஆம் அதிகாரத்தின் சாபங்கள் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டவை?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். ஒரு செபக் கூட்டத்தில், விவிலியத்தின் ஐந்தாம் நூலான இணைச்சட்டத்தின் 28-ஆம் அதிகாரத்தை வாசித்திருக்கிறார்கள். உங்கள் அண்ணனின் ஒன்பது வயது மகளுக்கு வந்திருக்கும் நோய், உங்கள் தாத்தா கடவுளுக்குக் கீழ்ப்படியாததால் இறங்கிய சாபம் என்று சொல்லியிருக்கிறார்கள். அன்று முதல் அண்ணி சரியாகச் சாப்பிடுவதும் இல்லை, தூங்குவதும் இல்லை. விவிலியத்தில் அப்படித்தானே எழுதியிருக்கிறது, கத்தோலிக்கத் திருச்சபை இந்த எச்சரிக்கைகளை நம்புகிறதா, பழங்காலப் பேச்சு என்று ஒதுக்கிவிடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்புகிறது. ஒரு வரியைக்கூட ஒதுக்கவில்லை. பழைய ஏற்பாட்டின் கடவுள் கோபக்காரர், இயேசுவின் தந்தை வேறொருவர் என்று கற்பித்த மார்சியோனை உரோமைத் திருச்சபை கி.பி. 144-லேயே வெளியேற்றிவிட்டது. ஆனால் அந்தக் குழந்தையின் நோயைப் பற்றி அவர்கள் சொன்னது கத்தோலிக்கப் போதனை அன்று. அதை உங்கள் அண்ணியிடம் இன்றே தயங்காமல் சொல்லுங்கள். எச்சரிக்கையை முழுதாக நம்புகிற அதே திருச்சபை, அதை வைத்து ஒரு குழந்தையின் நோய்க்குக் காரணம் சொல்வதை ஏன் மறுக்கிறது என்பதைத்தான் கீழே விளக்கப் பார்க்கிறேன்.

லூக்கா 13-ஆம் அதிகாரத்தின் முதல் ஒன்பது வசனங்களில் தொடங்குவது நல்லது. பலி செலுத்திக்கொண்டிருந்த கலிலேயர் சிலரைப் பிலாத்து கொன்ற செய்தியோடு சிலர் இயேசுவிடம் வருகிறார்கள். செய்திக்குள் ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. செத்தவர்கள் என்ன பாவம் செய்தார்களோ? மற்றக் கலிலேயரைவிட இவர்கள் பெரும் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லை என்கிறார் இயேசு. அவரே இன்னொரு விபத்தையும் எடுத்துக்காட்டுகிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்லர். இத்தோடு நிறுத்தியிருந்தால், எச்சரிக்கை என்ற ஒன்றே கிடையாது என்று நாம் முடிவு கட்டியிருப்போம். அவர் நிறுத்தவில்லை. மனம் மாறாவிட்டால் நீங்கள் எல்லாரும் அப்படியே அழிவீர்கள் என்று எதிரில் நின்றவர்களைப் பார்த்துச் சொல்கிறார். அதையும் இரண்டு முறை சொல்கிறார்.

இந்தச் சிறு பகுதியில் அவர் செய்ததைக் கவனியுங்கள். இறந்தவர்கள்மீது சுமத்தப்பட்ட பழியை எடுத்துவிட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள்மீது எச்சரிக்கையை வைத்தார். அடுத்த மூச்சிலேயே காய்க்காத அத்திமரத்தின் உவமை வருகிறது. மரத்தை வெட்டிவிடச் சொல்கிறார் உரிமையாளர். இந்த ஓர் ஆண்டும் விட்டுவையுங்கள், கொத்தி எருப்போடுகிறேன் என்கிறார் தோட்டத் தொழிலாளர். எச்சரிக்கை எதற்காக என்பதற்கு இயேசு தரும் விளக்கம் அந்த ஓராண்டுத் தவணைதான். துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு, கடலில் இருக்கும் படகுகள் கரை திரும்புவதற்காக ஏற்றப்படுகிறது. கரையில் ஒதுங்கிய உடலைக் காட்டி, இவன் கூண்டைப் பார்க்காத பாவி என்று தீர்ப்புச் சொல்ல எவரும் அதை ஏற்றுவதில்லை.

நம் கடற்கரைக்கே இந்தக் கேள்வி ஒருமுறை வந்தது. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணிக் கடற்கரையில் இருந்த நூற்றுக்கணக்கான திருப்பயணிகளை ஆழிப்பேரலை கொண்டுபோனது. செபிக்க வந்தவர்கள், நேர்ச்சை செலுத்த வந்தவர்கள், குழந்தைகள். கடவுளின் தண்டனை என்று பேசியவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களுக்கான பதில் லூக்கா நற்செய்தியில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது.

இப்போது இணைச்சட்டம் 28-க்கு வருவோம். 68 வசனங்கள். முதல் 14 ஆசிகள். 15 முதல் 68 வரை சாபங்கள். கொள்ளைநோய், வறட்சி, தோல்வி, நாடுகடத்தல், முற்றுகையின் பசியில் பெற்றோர் தம் பிள்ளைகளையே உண்ணும் கொடுமை. இதைத் தனியாக ஒரு கூட்டத்தில் உரத்த குரலில் வாசித்தால் யாருக்கும் வயிறு கலங்கும்.

ஆனால் இந்த எழுத்துக்கு ஒரு வகைமை உண்டு. பண்டைய அண்மைக் கிழக்கு நாடுகளில் பேரரசர்கள் சிற்றரசர்களோடு உடன்படிக்கை செய்யும்போது, மீறினால் என்னென்ன நேரும் என்ற சாபப் பட்டியலை இறுதியில் சேர்ப்பார்கள். அசீரிய மன்னன் ஏசர்கத்தோன் கி.மு. 672-இல் தன் வாரிசுரிமையைக் காக்கச் செய்த உடன்படிக்கையின் களிமண் பலகைகள் 1955-இல் நிம்ருதில் கிடைத்தன. வானம் வெண்கலமாகும், நிலம் இரும்பாகும் என்ற சாபம் அதிலும் இருக்கிறது, இணைச்சட்டம் 28:23-லும் இருக்கிறது. பசியில் பிள்ளைகளை உண்பது பற்றிய சாபமும் அப்படியே. எழுதிய காலத்தின் இலக்கிய வகைகளைக் கருத்தில் கொண்டே விவிலியத்தின் பொருளைத் தேட வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தின் 12-ஆம் எண் கேட்பது இதற்காகத்தான். இது எச்சரிக்கையைத் தண்ணீர் ஊற்றிக் கரைக்கும் வேலை அல்ல. ஓர் உடன்படிக்கையின் மொழியை உடன்படிக்கையாகவே வாசிப்பது.

உடன்படிக்கை என்றால் இரண்டு தரப்பு உண்டு. இங்கே ஒரு தரப்பு ஆண்டவர், மறு தரப்பு இஸ்ரயேல் என்னும் முழு மக்களினம். அந்த அதிகாரத்தில் வரும் 'நீ' அந்த மக்களினம்தான். எந்தத் தாத்தாவுக்கும் பேத்திக்கும் இடையிலான கணக்கு அதில் இல்லை. சிலைகளை வணங்கி, ஏழையை நசுக்கி, அநீதியான தீர்ப்பு வழங்கி, ஒரு நாடு தன் அடித்தளத்தைத் தானே தோண்டியெடுத்தால் அந்த நாடு நிற்காது என்பதே அதன் சாரம். நிற்கவில்லை. கி.மு. 587-ஐ ஒட்டி நெபுகத்னேசரின் படை எருசலேமை வீழ்த்தியது, கோவில் எரிந்தது. முற்றுகைக்குள் நடந்த கொடூரத்தைப் புலம்பல் 4:10 நேரில் பார்த்தவரின் குரலில் சொல்கிறது. எச்சரிக்கை வெற்று மிரட்டல் அல்ல என்று இஸ்ரயேல் கண்ணீரோடு கற்றுக்கொண்டது.

உங்கள் செபக் கூட்டத்தில் 30-ஆம் அதிகாரத்தை வாசித்தார்களா? கேட்டுப் பாருங்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. 28-ஐ வாசித்துவிட்டு 30-ஐ வாசிக்காமல் மக்களை வீட்டுக்கு அனுப்புவது மேய்ப்புப் பணி ஆகாது. இந்தச் சாபங்கள் எல்லாம் உன்மேல் வந்தபின், நீ சிதறிப்போன நாடுகளில் இருந்து மனம் திரும்பினால், ஆண்டவர் உன்மீது இரங்கி உன்னைக் கூட்டிச்சேர்ப்பார் என்று அது தொடங்குகிறது. உன் மக்களில் எவராவது வானத்தின் கடைக்கோடியில் இருந்தாலும் அங்கிருந்தும் அழைத்துவருவார் என்கிறது. பிறகுதான் வாழ்வையும் சாவையும் உன்முன் வைக்கிறேன், வாழ்வைத் தேர்ந்துகொள் என்ற வரி வருகிறது. மோசேயின் பேச்சு சாபத்தோடு முடிவதே இல்லை. லேவியர் 26-லும் இதே அமைப்புதான். நீண்ட சாபப் பட்டியலின் இறுதியில், அவர்கள் பகைவரின் நாட்டில் இருக்கும்போதுகூட அவர்களைக் கைவிடமாட்டேன் என்கிறார் ஆண்டவர்.

இறைவாக்கினர்கள் இந்த ஒழுங்கை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்கள். ஒரு நாட்டை அழிப்பேன் என்று நான் சொன்னபின் அது தன் தீமையை விட்டுத் திரும்பினால், நானும் என் எண்ணத்தை மாற்றிக்கொள்வேன் என்று எரேமியா 18-இல் ஆண்டவர் சொல்கிறார். யோனா நூல் முழுவதும் இதற்கான கதை. 'இன்னும் நாற்பது நாளில் நினிவே அழிக்கப்படும்' என்ற யோனாவின் அறிவிப்பில் 'மனம் மாறினால்' என்ற விலக்குகூடக் கிடையாது. ஆனாலும் மக்கள் திரும்பினார்கள், நகரம் பிழைத்தது. வாக்கு பொய்த்துவிட்டது என்று கோபித்துக்கொண்டவர் யோனா ஒருவர்தான். இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதரும் எண்ணற்ற கால்நடைகளும் இருக்கும் நகருக்காக நான் இரங்கக் கூடாதா என்ற கடவுளின் கேள்வியோடு அந்த நூல் நின்றுவிடுகிறது. தவக்காலத்தின் முதல் வாரப் புதன்கிழமைத் திருப்பலியில் நினிவே மனம் மாறிய பகுதியைத் திருச்சபை ஆண்டுதோறும் வாசிக்கிறது.

தலைமுறைச் சாபம் என்ற கருத்துக்கு விடுதலைப் பயணம் 20:5-ஐ ஆதாரமாகக் காட்டியிருப்பார்கள். மூன்றாம் நான்காம் தலைமுறை வரை தண்டிப்பேன் என்ற வரி. அடுத்த வசனம் ஆயிரம் தலைமுறைக்கு அன்பு காட்டுவேன் என்கிறது. அந்த விகிதமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். ஒருவரின் தீமை அவர் வீட்டாரைப் பாதிக்கிறது என்பதும் உண்மைதான். மூன்று நான்கு தலைமுறைகள் ஒன்றாக வாழ்ந்த பழைய இஸ்ரயேல் குடும்பத்தில் மூத்தவரின் சிலை வழிபாடும் கொடுமையும் எல்லார்மீதும் விழுந்தன. குடியில் மூழ்கிய தந்தையின் பிள்ளைகள் இன்றும் அதைச் சுமக்கிறார்கள். விளைவு பரவுகிறது. குற்றம் பரவுவதில்லை. பாபிலோனில் அடிமைப்பட்டிருந்த தலைமுறை, 'தந்தையர் புளித்த திராட்சையைத் தின்றார்கள், பிள்ளைகளின் பல் கூசுகிறது' என்று ஒரு பழமொழியைச் சொல்லிக்கொண்டு திரிந்தது. இனி இந்தப் பழமொழி உங்கள் வாயில் வரக் கூடாது என்று எசேக்கியேல் 18 ஆணையிட்டே சொல்கிறது. தந்தையின் குற்றத்தை மகன் சுமக்கமாட்டான். பொல்லாதவனின் சாவில் எனக்கு மகிழ்ச்சி உண்டா என்று அந்த அதிகாரத்தில் ஆண்டவரே கேட்கிறார்.

திருச்சபையும் இதில் மௌனமாக இல்லை. தலைமுறைப் பாவங்களிலிருந்து குணமளிக்கும் திருப்பலிகளையும் செபங்களையும் போலந்து ஆயர் பேரவை 2015-இல் தடை செய்தது. ஸ்பெயின் ஆயர் பேரவையின் கோட்பாட்டு ஆணையம் 2024-இல் இதே வழக்கத்தைக் கண்டித்து விரிவான குறிப்பு ஒன்றை வெளியிட்டது. காரணம் எளிது. தலைமுறை தலைமுறையாக வருவது பிறப்புநிலைப் பாவம் ஒன்றே. அதுவும் நாம் செய்த குற்றமாக அல்ல, நாம் பெற்றுக்கொண்ட நிலையாக மட்டுமே வருகிறது என்று, திருச்சபைப் போதனையின் தொகுப்பான மறைக்கல்வி நூலின் 404, 405 எண்கள் சொல்கின்றன. அதைத் திருமுழுக்கு போக்கிவிடுகிறது. திருமுழுக்குப் பெற்ற ஒரு குழந்தையின்மேல் தாத்தாவின் சாபம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்பவர், தான் எதை மறுக்கிறோம் என்று யோசிக்க வேண்டும். சாபத்தைப் பற்றிக் கலாத்தியர் 3:13-இல் பவுல் எழுதியிருப்பதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, சட்டத்தின் சாபத்திலிருந்து நம்மை மீட்டுக்கொண்டார். பவுல் அங்கே மேற்கோள் காட்டுவதும் இணைச்சட்டத்தைத்தான்.

சரி, தண்டனை என்பதே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது என்ன என்பதில் திருச்சபைக்குத் தெளிவான பார்வை உண்டு. பாவத்தின் தண்டனையைக் கடவுள் வெளியிலிருந்து சுமத்தும் பழிவாங்கலாக நினைக்கக் கூடாது, அது பாவத்தின் இயல்பிலிருந்தே விளைகிறது என்று மறைக்கல்வி நூல் 1472-ஆம் எண்ணில் சொல்கிறது. நம் சொந்த நன்மைக்கு எதிராக நாம் செய்வதால்தான் கடவுளின் மனம் புண்படுகிறது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். கத்தோலிக்க விவிலியத்தில் உள்ள சாலமோனின் ஞானம் 11, 12 அதிகாரங்களை இந்த இடத்தில் ஒரு முறை பொறுமையாக வாசியுங்கள். எதனால் ஒருவர் பாவம் செய்கிறாரோ அதனாலேயே தண்டிக்கப்படுகிறார் என்கிறது. தவறுவோரைக் கடவுள் சிறிது சிறிதாகத் திருத்துகிறார், அவர்கள் தீமையை விட்டுவிட வேண்டும் என்பதற்காக, என்றும் சொல்கிறது. இதைவிட இதமாக இந்தப் பொருளைப் பேசிய பக்கங்களைப் பழைய ஏற்பாட்டில் நான் கண்டதில்லை.

தாவீதின் வாழ்க்கை இதற்குச் சரியான சான்று. உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். இறைவாக்கினர் நாத்தான் வந்து முகத்துக்கு நேராகச் சொன்னதும் 'ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்துவிட்டேன்' என்றான். மன்னிப்பு உடனே கிடைத்தது. ஆனால் உன் வீட்டைவிட்டு வாள் விலகாது என்ற வாக்கும் நின்றது. அதன்பின் என்ன நடந்தது? மகன் அம்னோன் தங்கை தாமாரைக் கெடுத்தான். அப்சலோம் அம்னோனைக் கொன்றான். தந்தையின் காமமும் தந்தை செய்த கொலையும் பிள்ளைகளிடம் அப்படியே திரும்பி வந்தன. ஒவ்வொரு மகனும் தன் செயலுக்குத் தானே பொறுப்பாளி. ஆனாலும் அந்த வாளை அந்த வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தவர் யார் என்று வாசகருக்குத் தெரியும். மன்னிக்கப்பட்ட பாவத்துக்கும் ஆற வேண்டிய காயங்கள் உண்டு என்று திருச்சபை சொல்வதும், ஒப்புரவு அருள்சாதனத்தில் (பாவசங்கீர்த்தனத்தில்) பாவமன்னிப்புக்குப் பின்னரும் பரிகாரம் கொடுப்பதும் இதனால்தான்.

கீழ்ப்படியாமை என்றால் என்ன என்று அறிய, இஸ்ரயேலின் முதல் அரசன் சவுலைப் போன்ற ஆசிரியர் வேறு இல்லை. 1 சாமுவேல் 15-ஐப் பாருங்கள். அவன் கடவுளை மறுக்கவில்லை. அமலேக்கியரையும் அவர்கள் உடைமைகளையும் முற்றிலும் அழிக்க வேண்டும் என்ற கட்டளையில் பெரும்பகுதியை நிறைவேற்றினான். அவர்கள் அரசனையும் நல்ல ஆடுமாடுகளையும் தப்பவிட்டுவிட்டு, ஆடுமாடுகளைப் பலி செலுத்த மக்கள்தான் வைத்துக்கொண்டார்கள் என்றான். கடைசியில்தான், மக்களுக்கு அஞ்சினேன் என்ற உண்மை வந்தது. அப்போதும் பெரியோர்முன் என் மரியாதையைக் காப்பாற்றும் என்று சாமுவேலிடம் கேட்டுக்கொண்டான். பலியைவிடக் கீழ்ப்படிதல் சிறந்தது என்ற வசனம் இந்த மனிதனிடம் சொல்லப்பட்டது. தன் விருப்பத்துக்குப் பக்தியைப் போர்வையாக்கிய மனிதனிடம். பாவசங்கீர்த்தனத்துக்கு முன் மனச்சான்றை ஆராயும்போது எனக்கு மிகவும் உதவும் அதிகாரம் இது.

அப்படியானால் கீழ்ப்படியாமை எல்லாம் ஒரே எடையா? இல்லை. கடவுளோடுள்ள உறவை முறிக்கும் சாவான பாவத்துக்கு மூன்று நிபந்தனைகள் ஒருசேர வேண்டும்: கனமான பொருள் (செயலே பெரும் தீமையாக இருத்தல்), முழு அறிவு, முழுச் சம்மதம். அறியாமை, வற்புறுத்தல், அச்சம், பழக்கம், மனநலச் சிக்கல் போன்றவை பொறுப்பைக் குறைக்கும், சில வேளைகளில் நீக்கிவிடும் என்கிறது மறைக்கல்வி நூலின் 1735-ஆம் எண். உங்கள் தாத்தா என்ன அறிந்தார், எதற்கு அஞ்சினார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் தெரியும். இறந்துபோன ஒருவரின் ஆன்மாவைத் திறந்து பார்க்கும் அதிகாரம் எந்தச் செபக் குழுவுக்கும் தரப்படவில்லை. அவருக்காகச் செபிக்கலாம், திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். திருச்சபை நமக்குத் தந்திருக்கும் வழி அது.

நரகத்தைப் பற்றிய எச்சரிக்கைகளையும் திருச்சபை விட்டுவிடவில்லை. மத்தேயு 25-இல் பசித்தவனுக்கு உணவு கொடாதவர்களிடம் இயேசு பேசுவதைவிடக் கடுமையான பேச்சு விவிலியத்தில் அரிது. கடவுளோடும் புனிதர்களோடும் உள்ள உறவிலிருந்து ஒருவர் தம்மைத் தாமே இறுதியாக விலக்கிக்கொள்ளும் நிலைதான் நரகம் என்று 1033-ஆம் எண்ணும், எவரையும் கடவுள் நரகத்துக்கென்று முன்குறிப்பதில்லை என்று 1037-ஆம் எண்ணும் சொல்கின்றன. நரகத்தைப் பற்றிய விவிலிய வரிகள் நம் சுதந்திரத்தைப் பொறுப்போடு பயன்படுத்த விடுக்கும் அழைப்பு என்பதும் அதே பகுதியில் இருக்கிறது. இங்கும் பேச்சு கேட்பவரிடம்தான். செத்தவர் எங்கே போனார் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல அது எழுதப்படவில்லை.

இந்த எச்சரிக்கைகளைக் கேட்டு ஒருவருக்கு அச்சம் வந்தால் அது தவறா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. தண்டனைக்கு அஞ்சி வரும் நிறைவற்ற மனத்துயரும் கடவுளின் கொடையே என்று திரெந்து பொதுச்சங்கம் 1551-இல் கற்பித்தது. அந்த அச்சத்தோடு ஒப்புரவு அருள்சாதனத்துக்கு வருபவரைத் திருச்சபை திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் அந்த அச்சம் ஒருவரைத் தந்தையை நோக்கி நடக்க வைக்க வேண்டும். உங்கள் அண்ணிக்கு வந்திருப்பது அப்படிப்பட்டது அன்று. அவர் செய்யாத ஒன்றுக்காக, மனம் திரும்பவே வழியில்லாத ஒன்றுக்காக, அவரை நடுங்க வைத்திருக்கிறார்கள். எந்த இறைவாக்கினரும் இப்படிப் பேசியதில்லை.

இன்னொன்றையும் கவனித்துக்கொள்ளுங்கள். இப்படிப்பட்ட இடங்களில் அடுத்த படியாகக் காணிக்கைப் பேச்சு வரும். மலாக்கி 3-ஐக் காட்டிப் பத்திலொரு பங்கு தராதது கீழ்ப்படியாமை, அதனால் சாபம் என்பார்கள். தம் வசதிக்கு ஏற்பத் திருச்சபையின் தேவைகளுக்கு உதவுங்கள் என்பதே கத்தோலிக்கருக்குள்ள ஒழுங்கு. சதவீதம் எதுவும் விதிக்கப்படவில்லை. ஒரு குழுத் தலைவரின் சொல்லுக்கு இணங்காததைக் கடவுளுக்குக் கீழ்ப்படியாததாகக் காட்டுபவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகியிருங்கள்.

துன்பம் எல்லாம் குற்றத்தின் விளைவு அல்ல, எல்லாத் துன்பமும் தண்டனையும் அல்ல என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1984 பிப்ரவரி 11 அன்று வெளியிட்ட துன்பம் பற்றிய திருத்தூது மடலில் யோபு நூலை முன்வைத்து எழுதினார். குற்றமின்றித் துன்புற்ற யோபுவின் நண்பர்கள் இணைச்சட்டத்தின் வரிகளை ஒத்த உண்மைகளைத்தான் பேசினார்கள். தவறான ஆளிடம் பேசினார்கள். நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று கடவுள் அவர்களைக் கடிந்துகொண்டார். பிறவியிலேயே பார்வையற்றிருந்தவரைக் காட்டி, இவர் செய்த பாவமா இவர் பெற்றோர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது, இரண்டும் இல்லை என்று இயேசு யோவான் 9-இல் சொன்னதும் இதுதான்.

இப்போது செய்ய வேண்டியவை. குழந்தையின் மருத்துவச் சிகிச்சையை யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். நோய் கடுமையானது என்றால் உங்கள் பங்குத்தந்தையை வீட்டுக்கோ மருத்துவமனைக்கோ அழையுங்கள். ஒன்பது வயது விவரம் தெரிந்த வயது. நோயில்பூசுதல் அருள்சாதனத்தை அவள் பெறலாம். அதன் அடிப்படை யாக்கோபு 5:14, 15. நோயுற்றவர் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசிச் செபிக்கட்டும், ஆண்டவர் அவரை எழுப்புவார், பாவம் செய்திருந்தால் அதுவும் மன்னிக்கப்படும் என்கிறது. யாருடைய பாவத்தால் நோய் வந்தது என்று விசாரிக்கும்படி அந்த மூப்பர்களிடம் யாக்கோபு சொல்லவே இல்லை. பங்குத்தந்தை வரும்போது அண்ணியும் அவரிடம் தனியாகப் பேசட்டும். கூட்டத்தில் கேட்டது அனைத்தையும் அவரிடம் சொல்லச் சொல்லுங்கள். பங்கில் அப்படிப்பட்ட கூட்டம் நடக்கிறது என்பது அவருக்கும் தெரிய வேண்டும்.